பாதிப் பொருத்த மஜ்ஜை மாற்று: நோய் திரும்பினால் அதே கொடையாளியின் டி செல் ஏன் சிலருக்குப் பலிப்பதில்லை?

ஜெலுத்தோங் வாசி:
பினாங்கிலிருந்து ஆம்பாங் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்களுக்காகத் தமிழில் ஒரு விளக்கக் குறிப்பு தயாராகிறது. ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுக்குக் கூடப் பிறந்தவரிடமிருந்து பாதிப் பொருத்த மஜ்ஜை மாற்று (எச்.எல்.ஏ. என்ற அணு அடையாளப் புரதங்களில் பாதி மட்டும் பொருந்துவது) நடந்து, நோய் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிலருக்கு அதே கொடையாளியின் டி செல்லை, அதாவது புற்றைத் தாக்கும் நோயெதிர்ப்பு அணுவை, மறுபடி ஏற்றுகிறார்கள். வேறு சிலரிடம் "எச்.எல்.ஏ. இழப்பு, ஏற்றிப் பயனில்லை" என்கிறார்கள். முன்பு புற்றைக் கண்டுபிடித்த டி செல்லுக்கு இப்போது மட்டும் ஏன் தெரியவில்லை?

செந்தூல் லேப்:
டி செல் புற்றணுவை முழுசாகப் பார்ப்பதே இல்லை. அணுவுக்குள் உடைபட்ட புரதத் துண்டு, பெரும்பாலும் 9 அமினோ அமில நீளம், எச்.எல்.ஏ. முதல் வகுப்பு மூலக்கூறின் பள்ளத்தில் உட்கார்ந்து அணுவின் மேற்பரப்புக்கு வரும். சிடி8 என்ற வகை டி செல் துண்டு, எச்.எல்.ஏ. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கும். ஒரே எழுத்து மாறினாலும் போதும்: எச்.ஏ-1 என்ற துண்டில் 3ஆம் இடத்தில் ஒருவருக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், இன்னொருவருக்கு அர்ஜினின். இந்த வித்தியாசத்தை வைத்தே கொடையாளியின் டி செல் நோயாளியின் ரத்த அணுவை அந்நியமாகப் பார்க்கும்.

பாதிப் பொருத்தத்தில் இலக்கு இன்னும் பெரியது. பொருந்தாத அந்த எச்.எல்.ஏ.வே டி செல்லுக்கு அந்நியம். இந்த நெருக்கடியில் தப்பும் புற்றணு, 6ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் பொருந்தாத எச்.எல்.ஏ. இருக்கும் பகுதியைத் தொலைத்து, அங்கே கொடையாளியோடு பொதுவான பாதியின் நகலை வைத்துக்கொள்ளும். 2009இல் மிலான் குழு வெளியிட்ட ஆய்வில், நோய் திரும்பிய 17 பேரில் 5 பேரிடம் இதுதான் நடந்திருந்தது.

ஜெலுத்தோங் வாசி:
நன்றிங்க அண்ணே. அப்படியானால் அணுவின் மேற்பரப்புப் புரதங்களை அளக்கும் புளோ சைட்டோமெட்ரி சோதனையில் எச்.எல்.ஏ. அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

செந்தூல் லேப்:
தெரியாது தம்பி. போன இடத்தில் நகல் வந்துவிடுவதால் மொத்த அளவு வழக்கம்போலவே காட்டும். எச்.எல்.ஏ. குறைந்த அணுவைத் தாக்கும் என்.கே. செல் என்ற இன்னொரு நோயெதிர்ப்பு அணுவும் அதனால்தான் சும்மா இருந்துவிடுகிறது. நோய் திரும்பியபோது எடுத்த மஜ்ஜையில் இரண்டு கணக்கு பார்க்கணும்: எச்.எல்.ஏ. சாராத டி.என்.ஏ. குறியீடுகளில் நோயாளியின் பங்கு எவ்வளவு, நோயாளிக்கே உரிய எச்.எல்.ஏ. குறியீட்டில் எவ்வளவு. முதலாவது உயர்ந்து இரண்டாவது காணாமல் போயிருந்தால் இழப்பு. மாதிரியில் புற்றணு மிகக் குறைவாக இருந்தால் இந்த வேறுபாடு சரியாகப் பிடிபடாது. அவசரப்பட்டு எடுத்த மாதிரியில் இந்தக் கோளாறு வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
குறிப்பில் ஒன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இழப்பு இருக்கும்போது அதே கொடையாளியின் டி செல்லை ஏற்றினால் பயனில்லை என்பதோடு விஷயம் முடியாது. தோல், குடல், கல்லீரலில் அந்தப் பொருந்தாத எச்.எல்.ஏ. அப்படியே இருக்கிறது. டி செல் புற்றை விட்டுவிட்டு இவற்றைத் தாக்கும், கொடையாளியின் அணு நோயாளியின் உடலையே தாக்கும் அந்த நோய்தான் ஜி.வி.எச்.டி. இந்த நிலையில் மருத்துவர்கள் யோசிப்பது, புற்றணு இன்னும் வைத்திருக்கும் பாதி பொருந்தாத இன்னொரு உறவினர் கிடைப்பாரா என்பதை.

புற்றணு தப்பும் இன்னொரு வகையும் உண்டு. டி.என்.ஏ. அப்படியே இருக்கும், இரண்டாம் வகுப்பு எச்.எல்.ஏ. மட்டும் மேற்பரப்பில் அடங்கிப் போயிருக்கும். ஆய்வகத்தில் இன்டர்பெரான் காமா என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்தால் அது திரும்ப வெளியே வருகிறது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிடாதீர்கள். சிகிச்சை முடிவே மாறும்.

ஜெலுத்தோங் வாசி:
ஆய்வகத்தில் மாற்றியமைத்த கார்-டி செல் போட்டால் எச்.எல்.ஏ. பிரச்சினையே இல்லையாமே அக்கா?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
உண்மைதான், அது அணுவின் மேற்பரப்புப் புரதத்தை நேராகப் பிடிக்கும். பி செல் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றில் சிடி19 என்ற மேற்பரப்புப் புரதம் வசதியான இலக்கு. கூடவே நோயெதிர்ப்புப் புரதம் சுரக்க உதவும் நல்ல பி செல்லும் போகும், அந்தப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஏற்றிச் சமாளிக்கலாம். ஏ.எம்.எல்.இல் சிடி33, சிடி123 என்ற இலக்குப் புரதங்கள் இரண்டும் நல்ல ரத்த மூல அணுக்களிலும் இருப்பதால் மஜ்ஜையே காலியாகிவிடும் ஆபத்து. சிடி19 விஷயத்திலும் புற்றணு சும்மா இருப்பதில்லை, அந்தப் புரதத்தையே உதறிவிட்டு நோய் திரும்புவதுண்டு.