புதுப்பிப்பு: ஸ்காக்வே மலை ரயிலில் போய் வந்துவிட்டேன்

அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து புறப்படும் ஒயிட் பாஸ் ரயிலில் எந்தப் பக்கம் உட்காருவது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். இடப்பக்கம் என்று பலரும் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் உச்சியை அடைந்ததும் பயணிகளை எதிர்வரிசைக்கு மாறி அமரச் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே இதற்காக நான் அவ்வளவு கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை.

1898-இல் தொடங்கி 1900-இல் முடிக்கப்பட்ட இப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே மூன்றடிதான் அகலம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் தூரத்துக்குள் 873 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. என்னை அதிகம் உலுக்கியது 'செத்த குதிரைப் பள்ளம்' என்ற இடம். கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் தேடிப் போனவர்கள் ஓராண்டுக்கான உணவும் கருவிகளுமாக ஏறக்குறைய ஒரு டன் சரக்கோடு வந்தால்தான் கனடாவுக்குள் விடுவோம் என்று எல்லைக் காவலர்கள் விதித்திருந்ததால், அந்தச் சுமையைச் சுமந்த குதிரைகளில் சுமார் மூவாயிரம் இம்மலைவழியிலேயே மடிந்தன. அவை நடந்த ஒற்றையடித் தடம் ரயிலிலிருந்தே தெரிகிறது. இரண்டு கால்களை அருகருகே வைக்கவும் இடமிருக்காது போலத் தோன்றியது.

ஊருக்குள் நகைக்கடைகளே மிகுதி. கரை ஒதுங்கிய 8,800-க்கும் மேற்பட்ட மரக்குச்சிகளை அறைந்து முகப்பை அலங்கரித்த, தங்கம் தேடி வந்தோர் சங்கத்தின் கட்டடமான ஆர்க்டிக் சகோதரத்துவ மன்றத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ரயில் பெட்டிகளின் திறந்த மேடையில் நிற்க விரும்புவோர் கோடையிலும் கனமான மேலங்கி எடுத்துச் செல்லுங்கள்; நான் எடுத்துச் செல்லவில்லை.