பழைய டிவி இரைச்சல் எஃபெக்ட்: ரெடிமேட் கிளிப்பை விட்டு நாமே செய்தால்

நண்பர் ஒருவரின் குறும்படத்துக்கு எடிட்டிங் செய்தேன். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர், எண்பதுகளில் நடக்கிற கதை. வீட்டில் பிளாக் அண்ட் ஒயிட் டிவி, மாடியில் உயரமான ஆன்டெனா, கூடவே சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டர். 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி டிவி சேனலை அந்தப் பக்கம் இப்படித்தான் பிடித்துப் பார்த்தார்கள். மகன் மேலே ஆன்டெனாவைத் திருப்ப, "எலே, இன்னும் கொஞ்சம்... போதும்ல!" என்று அப்பா கீழிருந்து கத்த வேண்டும். ஷூட்டிங்கில் டிவி திரையை வெறுமையாக விட்டுவிட்டார்கள். உள்ளே படமும் இரைச்சலும் (சிக்னல் சரியாக வராதபோது திரையில் குதிக்கும் புள்ளிகள்) சேர்ப்பது என் பங்கு.

இணையத்தில் கிடைத்த இலவச ஸ்டேட்டிக் (இரைச்சல்) கிளிப்பைத்தான் முதலில் வைத்துப் பார்த்தோம். "டிவி மாதிரியே இல்லையே, ரவையைக் கொட்டின மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர். அவர் சொன்னது சரிதான். புள்ளிகள் எச்டி அளவுக்குப் பொடிப்பொடியாக, ஆளுக்கொரு நிறத்தில் இருந்தன.

சிக்னல் கிடைக்காதபோது டிவி, சிக்னலைப் பெருக்கும் அளவை உச்சத்துக்கு ஏற்றிவிடும். அப்போது டியூனருக்குள் (சேனலைப் பிடிக்கும் பகுதி) வெப்பத்தால் தானாக எழும் மின் இரைச்சல்தான் பெரும்பாலும் திரையில் தெரிகிறது. (பெருவெடிப்பின் மிச்சமான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சும் அதில் துளியூண்டு கலந்திருக்கும்.) கலர் டிவியில்கூட இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகவே இருக்கும். கலர் சிக்னல் வராவிட்டால் கலர் கில்லர் என்ற சர்க்யூட் நிறத்தை அணைத்துவிடும். அப்புறம், புள்ளியின் வடிவம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 625 வரிகள் (திரையில் தெரிவது 576), படத்துக்குச் சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம். கணக்குப் போட்டால் ஒரு வரியில் ஏறக்குறைய 520 புள்ளிகள்தான் கொள்ளும். அதனால் ஒவ்வொரு புள்ளியும் உயரத்தைவிட அகலம் கூடுதலாக, பக்கவாட்டில் கொஞ்சம் இழுபட்டுத் தெரியும். ரெடிமேட் கிளிப்பில் நான் தேடியும் கிடைக்காதது இதுதான்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் 520க்கு 576 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு சின்ன காம்ப் (காம்போசிஷன், அதாவது வேலை செய்யும் சட்டகம்). அதில் சாம்பல் நிற சாலிட் (ஒரே நிற லேயர்), அதன்மேல் நாய்ஸ் எஃபெக்ட் 100 சதவீதம், 'யூஸ் கலர் நாய்ஸ்' டிக்கை எடுத்துவிட வேண்டும். இந்த காம்பை 1440க்கு 1080 காம்புக்குள் போட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஃப் அழுத்தினால் முழுத் திரைக்கும் இழுபடும். பாதி வேலை முடிந்தது. கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை, லேசான குளோ (ஒளிர்வு) சேர்த்தால் போதும்.

மீதிப் பாதிதான் காட்சியின் உயிர். அந்த ஊர்களில் முழுத்திரை இரைச்சலைவிட, இரைச்சலுக்குள் படம் வந்து வந்து போவதுதான் அதிகம். நாய்ஸைப் படத்தின் மேல் வைத்து, இரண்டும் கலக்கும் மோடை லீனியர் லைட் ஆக்கி, ஆன்டெனா திரும்பத் திரும்ப நாய்ஸின் ஒபாசிட்டியை (அடர்த்தியை) ஏற்றி இறக்கினேன். ஓவர்லே மோட் இதற்குச் சரிப்படாது, இருட்டான இடங்களில் புள்ளியே தெரியாது. படம் மேலே ஓடுவதற்கு, படத்தை நகர்த்தும் ஆஃப்செட் எஃபெக்ட்டில் தொடக்கத்துக்கும் முடிவுக்குமாக இரண்டு கீஃபிரேம். ஒலிக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருளில் ஒயிட் நாய்ஸ் ('உஸ்' என்ற இரைச்சல்) உருவாக்கி, சின்ன ஸ்பீக்கரில் கேட்பதுபோல மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த ஒலிகளை வெட்டினேன்.

பெரிய தலைவலி யூடியூபில்தான். ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளிகள் மொத்தமாக மாறிவிடுவதால், முந்தைய ஃபிரேமை வைத்துச் சுருக்கும் எச்264 போன்ற கோடெக்குகளுக்கு (வீடியோவைச் சுருக்கும் முறைகள்) பிடிமானமே இல்லை. இரைச்சல் கட்டம் கட்டமாகக் குழைந்துவிடும், பக்கத்தில் நிற்கும் அப்பாவின் முகமும் சேர்ந்து கெடும். விழாக்களுக்கு, அதிகம் சுருக்காத புரோரெஸ் கோப்பாகவே கொடுத்தேன். யூடியூபுக்கென்று தனி வெர்ஷன்: புள்ளியைப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, முழுத்திரை இரைச்சல் வரும் ஷாட்டுகளைச் சுருக்கி, 4கே அளவுக்கு ஏற்றி அப்லோடு செய்தேன். ஷாட் சுருங்கியதில் இயக்குநருக்கு இன்னும் வருத்தம்தான்.