தலைநிலை உணரி: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

போர் விமானச் சிமுலேட்டரில் ஆடுபவரின் தலை திரும்பும் பக்கமெல்லாம் திரைக்காட்சியையும் திருப்பித் தரும் கருவிக்கு (ஆங்கிலத்தில் head tracker), ‘தலைப் பின்தொடரி’, ‘தலையசைவு உணரி’ என இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதற்சொல்லை நான் ஏற்கவில்லை. வான்சண்டையில் பின்தொடர்வது என்றால் எதிரி விமானத்தின் வாலைப் பிடித்துச் செல்வது. ஒரே கட்டுரையில் கருவிக்கும் அச்சொல் வருமானால் வாசகர் தடுமாறுவார்.

இரண்டாவது சொல்லில் ‘உணரி’ பொருத்தமானது, ‘அசைவு’தான் பிழை. திருகோணமலையில் எங்கள் வீட்டில் அக்காவின் மகன் ஐ.எல்-2 என்னும் வான்போர்க் கணினி விளையாட்டில் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டுகிறான். மூன்று அகச்சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகளைத் தொப்பியின் ஓரத்தில் பொருத்தி, திரையின் மேலுள்ள கமராவையும் ஓப்பன்ட்ராக் என்னும் இலவச மென்பொருளையும் கொண்டு, கடையில் விற்கும் ட்ராக்ஐஆர் கருவி செய்யும் வேலையை அவனே அமைத்துக்கொண்டான். தலையை 30 பாகை திருப்பினால் திரைக்குள் பார்வை 150 பாகை திரும்பும்படி வைத்திருப்பதால், கண் திரையை விட்டு விலகாமலே வாலுக்குப் பின்னால் வருபவனைக் காண்கிறான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, இங்குள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்த பிரித்தானிய ஹரிக்கேன் விமானிகளும் ஜப்பானிய சீரோ விமானங்களைத் தேடிக் கழுத்தைத் திருப்பியபடியேதான் பறந்திருப்பார்கள். எதிரியைக் கண்ணிலிருந்து தவறவிட்டவன் சண்டையையும் தவறவிட்டான் என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

சொல்லுக்கு வருகிறேன். சுட்டியை, அதாவது மவுஸை, மேசையிலிருந்து தூக்கி வேறிடத்தில் வைத்தால் திரையிலுள்ள அம்புக்குறி இருந்த இடத்திலேயே நிற்கும். ஏனெனில் சுட்டி அளப்பது அசைவை மட்டுமே. இக்கருவி அப்படியன்று. நடுநிலை என்று நாம் குறித்துக்கொடுத்த ஒரு நிலையிலிருந்து தலை இப்போது எவ்வளவு திரும்பி, நிமிர்ந்து, சாய்ந்து இருக்கிறது என்பதையும், பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் முன்பின்னாகவும் எவ்வளவு விலகி இருக்கிறது என்பதையும் அது ஓயாமல் கணிக்கிறது. ஆகவேதான் தலை நடுவுக்கு வந்ததும் பார்வையும் விமானத்தின் மூக்குக்கு நேரே வந்துவிடுகிறது. பின்னேர வெயில் யன்னல் வழியாகக் கமராவில் பட்ட நாளில், வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால் விளக்குகளைப் பிரித்தறிய முடியாமல், மருமகன் அசையாமல் இருந்தும் காட்சி துள்ளியது. தலை அசையவில்லை, அதன் நிலைதான் கருவிக்குத் தவறாகத் தெரிந்தது. யன்னலுக்குத் திரைச்சீலை போட்டதும் சரியாயிற்று.

எனவே கருவிக்குத் ‘தலைநிலை உணரி’ என்றும், செயலுக்குத் ‘தலைநிலை உணர்தல்’ என்றும் முன்மொழிகிறேன். கண்ணை மூடித் தலையில் மாட்டும் மெய்நிகர் (VR) தலையணிகளில் தலை திரும்பும் அளவுக்கே பார்வையும் திரும்புகிறது என்றாலும், அங்கும் இச்சொல் பொருந்தும். ‘தலைகாணி’ என்ற குறுஞ்சொல் என் மனதிலும் எழுந்தது. பேச்சில் அது தலையணையைக் குறிப்பதாலும், எங்கள் பக்கத்தில் காணி என்றால் நிலம் என்பதாலும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. நடுவையொட்டித் தலை சிறிது ஆடினாலும் குறிபார்க்கும்போது காட்சி ஆடாதிருக்க ஒதுக்கிவைக்கும் சிறு பரப்பை ‘இறந்த வலயம்’ (dead zone) என எழுதுகிறார்கள். அங்கே எதுவும் இறப்பதில்லை. கருவி செயலாற்றாமல் வாளாவிருக்கிறது, அவ்வளவுதான். ‘வாளா வலயம்’ என்று வைக்கலாமா என்பதைக் குழுமத்தார் ஆராய்ந்து சொல்லவேண்டும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் உறுப்பினர்