புதுப்பிப்பு: டைமிங் பெல்ட்டை நானே மாற்றவில்லை

என் 2012 ஃபோர்டு ஃபிகோ டீசல் காரின் டைமிங் பெல்ட்டை (எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று ஒத்து இயங்க வைக்கும் பல் வைத்த பெல்ட்) வீட்டிலேயே மாற்றலாமா, மெக்கானிக்கிடம் கொடுக்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் நீங்களே செய்யுங்கள் என்றீர்கள். மேல் உறையைக் கழற்றும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று. இந்தக் கணக்கு சில பற்கள் பிசகினால்கூட பிஸ்டன் வால்வில் இடிக்கும். கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பிடிக்கும் பூட்டுப் பின்கள் என்னிடம் இல்லை. மெக்கானிக்கிடமே கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார், நல்ல மனிதர்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். பழையது பின்னர் கசிந்தால் முழுக் கூலியும் மறுபடி போகும். பெல்ட்டைப் பூட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல், ஸ்பேனரால் கிராங்க்கைப் பலமுறை சுற்றிக் கிராங்க், கேம் குறிகள் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்தார்.

பழைய பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது.