மணி மூக்கு ரோஸ் கலர்

குழந்தையையும் அது வளர்க்கும் பிராணியையும் சேர்த்து வரைந்த அனுபவம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது மதுரையில் நடந்தது. ஆறு வயதுச் சிறுமி, முன்பல் இரண்டும் விழுந்திருந்த நேரம். கூடவே அவள் வீட்டு ராஜபாளையம் நாய், மணி. மூன்றடிக்கு இரண்டடி கேன்வாஸ், எண்ணெய் வண்ணம்.

முதல் நாள் நான் பென்சில்கூட எடுத்துப் போகவில்லை. லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் என்ற அருங்காட்சியகத்தில் ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் 1775 வாக்கில் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஜேன் போல்ஸ் என்ற சிறுமி தன் நாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். வரைவதற்கு முன் ரெனால்ட்ஸ் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போய், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லி வேடிக்கை காட்டினாராம். மறுநாள் அவளே ஆசையாக அவரிடம் வந்தாளாம். நானும் அதையே செய்தேன். அன்று பூராவும் மணிக்குப் பந்து போட்டோம்.

அப்படியும் நாற்காலியில் அவள் ஐந்து நிமிடம் தாங்கவில்லை. மத்தியானம் மணி அவள் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. "அசைஞ்சா மணி எழுந்துடும்மா" என்றேன். அவ்வளவுதான், நாற்பது நிமிடம் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். குனிந்த முகம், நாயின் காதை மூடிய கை, எல்லாம் பென்சிலில் கிடைத்துவிட்டது.

வண்ணம் தீட்டியது என் வீட்டில். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பென்டைன் நாய்களுக்கு ஆகாது, அவற்றின் பக்கத்தில் திறக்கவே கூடாது. முதல் பூச்சு பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பில் மெல்லிசாக. மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டினேன். அந்த வரிசை மாறினால் பின்னால் வெடிப்பு விழும்.

வெள்ளை நாயை வரையும்போது கை தானாக வெள்ளை டியூபுக்குப் போகும். போக விடாதீர்கள். அந்த வீட்டில் சிவப்பு சிமென்ட் தரை, அந்தச் சிவப்பு எதிரொளித்து மணியின் வயிற்றில் ஏறியிருந்தது. பாவாடையின் நீலம் தாடைக்குக் கீழே தெரிந்தது. சுத்த வெள்ளை நெற்றியிலும் தோளிலும் மட்டும்தான். குட்டை முடி என்பதால் ஒவ்வொரு மயிராகப் போடவில்லை. வெளிக்கோட்டை மட்டும் காய்ந்த பிரஷ்ஷால் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

மூக்கைப் பழக்கத்தில் கறுப்பாகப் போட்டுவிட்டேன். அப்பாவோடு பார்க்க வந்தவள் முகம் சுருங்கிவிட்டது. "இது மணி இல்ல மாமா. மணி மூக்கு ரோஸ் கலரு." உண்மைதான், அந்த இனத்துக்கே அப்படித்தான். ஈரம் காயவில்லை, பேலட் கத்தியால் சுரண்டி எடுத்தேன். தன் முகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து வார்னிஷ் அடிக்கப் போனபோது பல் முளைத்திருந்தது. அதையும் வரையச் சொன்னாள். அவள் அம்மா வேண்டாம் என்று கெஞ்சினார்கள். கொஞ்சம் யோசித்து, "சரி, மணி எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்றாள். வார்னிஷ் மட்டும் அடித்துவிட்டு வந்தேன்.

* * *

மேலே இன்னொருவர் எழுதியதில், நாய் மடியில் தூங்கிய இடத்தைப் படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு வாய்த்தது பூனை. என் அக்கா மகனும் அவன் பூனையும். அது ஒரு நாளும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் கையில் இருக்கவில்லை. வேறு வழியில்லாமல் போட்டோ எடுத்தேன். நின்றபடி எடுத்ததில் தலை பெருத்துக் கால் சிறுத்துப் போனது. அப்புறம் தரையில் படுத்து, அவன் கண் மட்டத்தில் எடுத்ததுதான் உதவியது.

ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ தன் இரண்டு பெண்களைப் பூனையோடு வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, 1760 வாக்கில் வரைந்தது. பிள்ளைகள் முகம் உயிரோடு இருக்கும், பூனை மட்டும் வெறும் கோடாக நிற்கும். படத்தையே அவர் முடிக்கவில்லை. அதைப் பார்த்த தைரியத்தில் என் பூனையின் வாலையும் கோடாகவே விட்டுவிட்டேன். அக்கா மகன் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறான்.