கொள்ளிடக்கரை ஆழ்குழாய்க் கிணற்றில் இம்பெல்லர் விரைவில் தேய்வது ஏன்?

கேள்வி (திருக்காட்டுப்பள்ளி, விவசாயி)

வணக்கம். எங்களுக்கு இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகள் உண்டு. ஒன்று கொள்ளிடக் கரையை ஒட்டிய வாழைக் கொல்லையில், மற்றது உள்ளே தள்ளி நெல் வயலில். இரண்டிலும் ஒரே வகை நீர்மூழ்கி மோட்டார், ஒரே வார்ப்பிரும்பு இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்). வயல் கிணறு மோட்டாரைப் போட்டதும் கால் மணி நேரம் கலங்கலாகவே இறைத்தாலும், ஐந்து ஆண்டுகளாக அதில் கை வைக்க நேரவில்லை. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பளிங்கு போல் தெளிந்து வருகிறது. ஆனால் இரண்டு குறுவைக்குள் இம்பெல்லர் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் இதழ்களின் வெளிவிளிம்பு காகிதம் போல் மெலிந்து, மேலே அலையலையாக வரி விழுந்திருக்கிறது. கலங்கல் தண்ணீர்தானே அதிகம் தேய்க்க வேண்டும்?

மறுமொழி (கும்பகோணம், பம்பு பட்டறை)

ஐயா, கலங்கலைக் கண்டு அஞ்ச வேண்டாம். வயல் தண்ணீரைக் கலக்குவது களிமண். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 2 அளவில்தான் இருக்கும். ஆற்று மணலில் மிகுந்துள்ள குவார்ட்ஸ் 7. உலோகத்தின் கடினத்தையும் அளக்கும் விக்கர்ஸ் அளவில் சொன்னால், சாதாரண வார்ப்பிரும்பு ஏறத்தாழ 200 இருக்க, குவார்ட்ஸ் 1000-ஐத் தாண்டும். துகள் உலோகத்தைவிடக் கடினமாக இருந்தால் அதைச் சீவி எடுக்கும். மென்மையாக இருந்தால் தேய்மானம் மளமளவென்று குறைந்துவிடும். தவிர, நுண்ணிய களிமண் துகள் நீரோட்டத்தோடு வளைந்து இதழைச் சுற்றிப் போய்விடுகிறது. கனமான மணல் அந்த வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் மோதுகிறது.

அளவைவிட வடிவம்தான் பட்டறையில் என்னை அதிகம் வியக்க வைத்தது. உருண்ட மணல் உலோகத்தை அமுக்கிப் பள்ளம் போடும். கூர்முனையுள்ள மணலோ உளி போல் செதுக்கும், ஆகவே எடை ஒன்றாக இருந்தாலும் சேதம் பல மடங்கு வேறுபடும். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடித்து, தெளிய விட்டு, அடியில் தங்கும் மணலைக் காயவைத்து எடை போடுங்கள். பம்புக் கையேடுகள் பலவற்றில் உள்ள வரம்பு கன மீட்டருக்கு 50 கிராம். உங்கள் டிரம்முக்கு அது 10 கிராம். பிறகு நகை பார்க்கும் லென்ஸில் அந்த மணலைப் பாருங்கள்.

மறுமொழி (மன்னார்குடி, அரிசி ஆலை)

மோதும் கோணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆலையில் உமியை ஊதித் தள்ளும் இரும்புக் குழாய் நேரான பகுதியில் ஓட்டையாவதில்லை, வளைவின் வெளிப்புறத்தில்தான் ஆகிறது. உமி பஞ்சு போல இலேசானதுதான். ஆனால் அதன் தோலில், மணலில் இருப்பது போன்ற சிலிக்கா இருக்கிறது. மென்மையான இரும்பு போன்றவை 15 முதல் 30 பாகை வரையிலான சாய்வில் உரசும்போதுதான் அதிகம் தேய்கின்றன. பீங்கான் போன்றவை நேர்குத்தாக அடிபடும்போது நொறுங்குகின்றன. அதனால் சாய்ந்து உரசும் இடத்தில் பீங்கான் ஓடுகளும், நேரே அடிக்கும் இடத்தில் ரப்பரும் பதித்திருக்கிறோம். ரப்பர் இம்பெல்லர் உங்களுக்கும் உதவலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்

டிரம்மில் 18 கிராம் மணல் தங்கியது. லென்ஸில் பார்த்தபோது, கண்ணாடிச் சில்லு போல் மூலை மழுங்காத மணல்தான் பாதிக்கு மேல்; அவற்றிடையே சிவந்த மணிகளும் சில தென்பட்டன.

மறுமொழி (கும்பகோணம், பம்பு பட்டறை)

மன்னார்குடி நண்பரின் ரப்பர் யோசனை உருண்ட மணலுக்குப் பொருந்தும். இவ்வளவு கூரான மணல் ரப்பரையே கிழித்துவிடும். உயர் குரோமிய வார்ப்பிரும்பு தாங்கும், ஏனெனில் அதிலுள்ள கார்பைடு (உலோகமும் கரியும் சேர்ந்த சேர்மம்) குவார்ட்ஸைவிடக் கடினமானது. ஆனால் மணலை நிறுத்தாமல் உலோகத்தை மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேகமும் முக்கியம். நிமிடத்துக்கு 2,880 சுற்றில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லரின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் ஓடுகிறது. தேய்மானமோ வேகத்தின் வர்க்கம், அதற்கும் சற்று மேலான விகிதத்தில் ஏறும்; விளிம்பு முதலில் மெலிந்தது அதனால்தான். வேகத்தை 10 விழுக்காடு குறைத்தாலே தேய்மானம் ஏறத்தாழ கால் பங்கு குறையும், நீரும் ஓரளவு குறையும். மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தில்தான் மணல் கூடுதலாக எழும்பும் என்பதால், மும்முனை மின்சாரம் வந்து வந்து போகும் வேளையில், மோட்டாரைத் தானே மறுபடி ஓடவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டரை நிறுத்தி வையுங்கள். ஃபில்டர் பைப்பின் துளை உங்கள் மணலுக்குப் பெரியதா என்று பார்த்து, கம்ப்ரஸர் விட்டுக் கிணற்றைக் கழுவுங்கள். கழுவிய பின் அதே டிரம்மில் மறுபடி எடை போட்டு, 10 கிராமுக்குக் கீழே வந்த பிறகே புதிய இம்பெல்லரை இறக்குங்கள்.