புது காரின் முதல் 1000 கிலோமீட்டர்: எப்படி ஓட்டுவது?

வணக்கம் நண்பர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், போன வாரம்தான் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் எடுத்தோம், எங்கள் வீட்டுக்கு முதல் கார். இன்ஜினைப் பழக்குவது பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாமா 1000 கிலோமீட்டர் வரை 60-ஐத் தாண்டாதே என்கிறார், ஷோரூமில் இப்போது வருகிற இன்ஜினுக்கு அதெல்லாம் வேண்டாம் சார் என்கிறார்கள். கையேட்டிலோ ஒரே வேகத்தில் ரொம்ப நேரம் போகாதீர்கள், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்காதீர்கள் என்று போட்டிருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் சிலிண்டர் சுவரோடு நன்றாகப் படிய ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) ஏறி இறங்க வேண்டும் என்பதால் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

சிக்கல் என்னவென்றால் தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி கிளட்ச், ஆர்பிஎம் முள் 1500-ஐ விட்டு நகராது. இப்படி ஊர்வது மட்டும் போதுமா, இல்லை ஞாயிறு காலையில் திண்டிவனம் ரோட்டில் 2000-க்கும் 3000-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி ஓட்டட்டுமா? அம்மாவைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போக வேண்டும், ஏசி போட்டு நாலு பேரோடு இப்போதே போகலாமா? அப்புறம், முதல் சர்வீஸில் வெறும் செக்கப்தானாம், காசு கொடுத்தாவது ஆயில் மாற்றச் சொல்லவா? பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள், பத்து வருஷமாவது வைத்து ஓட்டப்போகிற வண்டி.